ஐந்து பாலம் தாண்டினால் திருவையாறு

மழை விட்ட காலையில் தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குச் சைக்கிளில்தான் போக வேண்டும். ஏறக்குறைய 13 கிலோமீட்டர். பாலங்களில் ஏறுவதைத் தவிர மேடு கிடையாது. கரந்தையில் வடவாறு, பள்ளியக்கிரகாரத்தில் வெண்ணாறு, பிறகு வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. பஸ்ஸில் போனால் ஐந்தும் ஒரே ஆறாகத்தான் தெரியும். ஒவ்வொரு பாலத்திலும் காலை ஊன்றி நின்றால் ஒன்றில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடப்பதும், இன்னொன்றில் தண்ணீர் சுழித்து ஓடுவதும் கண்ணில் படும்.

இங்கே வெள்ளம் இரண்டு வகை. ஆடி, ஆவணியில் வருவது குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை. மேட்டூர் 120 அடியைத் தொட்டுவிட்டால், தஞ்சையில் வெயில் கொளுத்தும்போதே ஆறு கரை தொட்டு வரும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் நம் தலைமேல் பெய்தது. அப்போது சம்பா வயலுக்குத் தண்ணீர் வேண்டாம், இருப்பதை வடித்தால் போதும். விடியற்காலையிலேயே மண்வெட்டியோடு போய் வரப்பை வெட்டிவிடுகிறார்கள். வடிகால் தூர்ந்திருந்தால் வெட்டியும் பயனில்லை. பயிர் நாள்கணக்கில் மூழ்கி அழுகும்.

திருவையாற்றில் ஐயாறப்பர் கோயிலும் தியாகராஜர் சமாதியும் உலகம் அறிந்தவை. மழைநாளில் ஊர் கூடுவது புஷ்ய மண்டபப் படித்துறையில். எத்தனை படி முழுகியிருக்கிறது என்பதுதான் பேச்சு.

ஆனால் உண்மையான வெள்ளத்தைப் பார்க்க இன்னும் வடக்கே, அரியலூர் சாலையில் மிதிக்க வேண்டும். மழைக்காலத்தில் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புதாறு மூன்றிலும் விடுவதைக் குறைத்து, மிச்சத்தைக் கொள்ளிடத்தில் தள்ளுகிறார்கள். டெல்டா முழுகாமல் தப்புவது இந்த ஆற்றால்தான். கோடையில் மணல்வெளியாகக் கிடக்கும் அதில், திருமானூர்ப் பாலத்தில் நின்றால், செம்மண் நிறத் தண்ணீர் மூங்கில் தூறுகளை வேரோடு புரட்டிக்கொண்டு போகும். 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணையில், கொள்ளிடம் பக்கத்து 9 மதகுகளை இதே ஆறு 2018 ஆகஸ்ட் 22 இரவில் அடித்துக்கொண்டு போனது.

வெள்ளம் பார்க்க வருகிறவர்கள் பாலத்தில் நின்று பாருங்கள். கொள்ளிடத்தில் மட்டும் இறங்காதீர்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் அடியில் எங்கே இருக்கின்றன என்று கரையில் நிற்பவர் யாருக்கும் தெரியாது.