பத்ரிக்குப் பதினாறு நாள்

வன்னியம்பட்டி பெரியம்மாவுக்கு வயசு அறுபத்தெட்டு. முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. ஆனால், பத்ரிநாத் பார்த்தே ஆக வேண்டும்! 'பக்கத்துலயே சதுரகிரி இருக்கே' என்றால், "அங்கே நடந்துல்ல ஏறணும்? பத்ரிக்கு ஊருக்குள்ள வரைக்கும் காரே போகுதாம்டா" என்று மடக்குவார். நியாயம்தான். சுமார் 3,100 மீட்டர் உயரம் என்றாலும் ரோடு உண்டு.

பிளான் போடும் பொறுப்பு பி.காம். படித்த என் தலையில். (வட்டிக் கணக்கு தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் குடும்ப நம்பிக்கை.) ஒரு டிராவல்ஸ்காரர், "டேராடூன் வரை பிளைட், அப்புறம் ஹெலிகாப்டர். ரெண்டே நாள்ல தரிசனம். சொகுசுன்னா இதான் சார்!" என்றார்.

வில்லங்கமே அதில்தான். அந்த உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிடக் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். ஹெலிகாப்டர் சட்டென்று ஏறிவிடும். பெரியம்மாவின் நுரையீரல்? தங்கித் தங்கிப் போனால்தான் உடம்பு பழகும். மலை யாத்திரையில் சொகுசை நாள் கொடுத்துத்தான் வாங்க வேண்டும் சார்.

என் ரூட் இதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பொதிகை ஏறி சென்னை. பிறகு டெல்லி ரயிலில் இரண்டு ராத்திரி. 45 வயசு தாண்டிய பெண்களுக்குக் கீழ் பெர்த் கோட்டா இருக்கிறது. ஹரித்வாரில் ஒரு நாள் ஓய்வு. ரிஷிகேஷிலிருந்து பத்ரி சுமார் 300 கிலோமீட்டர். அதை ஒரே நாளில் விழுங்காமல் ருத்ரப்ரயாகையில் ஒரு ராத்திரி, ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில் ஜோஷிமட்டில் ஒரு ராத்திரி. மூன்றாம் நாள் பத்ரி. வழியில் தலைவலி, வாந்தி என்று ஆரம்பித்தால் மேலே ஏறக் கூடாது, இறங்கிவிட வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம், மலை சரியும். நவம்பரில் நடை சாத்தினால் ஏப்ரல் கடைசி அல்லது மேயில்தான் திறப்பார்கள். எனவே, அக்டோபர்.

இத்தனையையும் நோட்டில் எழுதிப் பெருமையாகக் காட்டினேன். பெரியம்மா கேட்டது ஒரே கேள்வி: "தங்குற இடத்துல நாற்காலி மாதிரி உக்கார்ற கக்கூஸ் இருக்குமாடா?"

எந்த டூர் நோட்டீஸிலும் இல்லாத விஷயம்! மடங்காத முழங்காலுக்கு இமயமலையைவிட அதுதான் பெரிய மலை. ஒவ்வொரு லாட்ஜுக்கும் போன் போட்டு அதை மட்டும் விசாரித்தேன். ஜோஷிமட்டில் இன்னொரு கேள்வியும் சேர்ந்தது. 2023 ஜனவரியில் மண் தாழ்ந்து வீடுகள் விரிசல் விட்ட ஊராச்சே!

மொத்தம் பதினாறு நாள். கூடப் போக வேண்டிய அண்ணன், பெரியம்மாவின் ஒரே மகன், ஆபீசில் லீவு கேட்கத் தயங்குகிறார். "ரிடையர் ஆனப்புறம் நிதானமா கூட்டிட்டுப் போறேனே" என்கிறார். அவருக்கு முப்பத்தாறு. அறுபதில் ரிடையர் என்றால் இன்னும் 24 வருஷம். அப்போது பெரியம்மாவுக்கு 92!

ஆழ்வார்களுக்கு இந்த ஆசாமிகளை அப்போதே தெரிந்திருக்கிறது. நம்மூர் பெரியாழ்வார் வதரி என்று பெயரைச் சொல்லியதோடு சரி. திருமங்கையாழ்வாரோ, கோலை ஊன்றி இருமித் தள்ளாடும் காலம் வருமுன்னே அங்கே போய்க் கும்பிடச் சொல்லி ஒரு பதிகமே பாடிவிட்டார்.

லீவு லெட்டரை நானே டைப் அடித்து அண்ணன் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். ரிசர்வேஷன் 60 நாள் முன்னால் திறக்கும். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. "மேனேஜர் மூடு சரியில்லைடா" என்கிறார்.