இனி என்ன செய்வது?

ஒரு மனிதனுக்கு ஊரில் உள்ளவர்கள் எல்லோரும் புத்திமதி சொல்ல முன்வரும் சமயங்கள் இரண்டு. கல்யாணம் ஒன்று, உத்தியோக மாற்றம் மற்றொன்று. கல்யாணத்தில் புத்திமதி சொன்னவர்களுக்கு விருந்தாவது கிடைக்கும். உத்தியோகம் மாறும்போதோ, கைம்மாறு கருதாமலே சொல்லிவிட்டுப் போவார்கள்.

இந்நாளில் அந்தப் புத்திமதி பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கிறது. "உள்ளத்தைக் கேள், வாழ்வின் நோக்கம் இன்னதென்று அது சொல்லும்" என்கிறார்கள். நாற்பதைத் தாண்டிய நாமும் சில நாள் விடியற்காலையில் எழுந்து கேட்டுப் பார்த்தோம். காப்பி வேண்டும் என்பதைத் தவிர உள்ளம் வேறொன்றும் சொல்லவில்லை. பிறகுதான் ஒரு சந்தேகம் தோன்றியது. நோக்கம் என்பது உள்ளே புதைந்து கிடக்கும் பொருளா? அல்லது வெளியிலிருந்து யாரேனும் வந்து நம்மிடம் கேட்கும் ஒரு கேள்வியா?

உ. வே. சாமிநாதையரின் வாழ்க்கையைப் பாருங்கள். 1876ஆம் ஆண்டில் அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை காலமானார். பிறகு திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் படித்தும் பாடம் சொல்லியும் வந்தார். 1880இல் தியாகராச செட்டியார் ஓய்வு பெறவே, கும்பகோணம் கல்லூரியில் அவருடைய இடம் ஐயருக்குக் கிடைத்தது. பிராயம் இருபத்தைந்து, சம்பளம் மாதம் 50 ரூபாய். மடத்தை விட்டுக் கல்லூரிக்கு வந்தவருக்கு அதுவே பெரிய மாறுதல். உத்தியோகம் கிடைத்தது, குடும்பக் கவலை தீர்ந்தது என்று அவர் அத்துடன் நின்றிருந்தால் குறை சொல்வார் யாருமில்லை.

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் தேதி அவர் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். முதலியார் அவ்வூருக்கு வந்திருந்த முன்சீப். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் விசாரித்தார். அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ், புராணம் என்று ஐயர் அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை. பிறகு முதலியார் தம்மிடமிருந்த பிரதியைக் கொடுத்துப் படிக்கச் செய்தார். ஆதீன வித்துவானுக்கு அந்த நூலில் வந்த ஜைன சமயச் செய்திகள் விளங்கவில்லை. கும்பகோணத்து ஜைனர்களின் வீடு தேடிச் சென்று, மாணாக்கரைப்போல் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887இல் சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. பின்னர் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று வரிசையாக வந்தன.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஐயர் தம் நோக்கத்தைத் தேடிக் கும்பகோணம் போகவில்லை, ஜீவனத்துக்காகப் போனார். அங்கே பதில் சொல்ல இயலாத ஒரு கேள்வி அவரை எதிர்கொண்டது. அக்கேள்வியை அவர் அவமானமாகக் கருதியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். இரண்டாவது, அந்த 50 ரூபாயை நாம் அலட்சியம் செய்யலாகாது. இலட்சியத்துக்காக உத்தியோகத்தை உதறு என்று நம்மிடம் சொல்கிறவர்கள், மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்ததால்தான் ஏடு தேடவும் முடிந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

எல்லோருக்கும் மாறுதல் இவ்வளவு இதமாக வருவதில்லை. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். 1908இல் இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார். மேல் விசாரணையில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது அவருக்கு நாற்பது வயது. கப்பல் இல்லை, கம்பெனி இல்லை, வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் சிறு வியாபாரம் செய்து குடும்பத்தைக் காப்பாற்ற முயன்றார். வறுமை அவரை விடவில்லை. ஆனால் சிறையிலேயே ஜேம்ஸ் ஆலனின் நூலை மொழிபெயர்த்த கை, வெளியே வந்த பின்னும் ஓயவில்லை. 1917இல் மணக்குடவர் உரையோடு திருக்குறள் அறத்துப்பாலைப் பதிப்பித்தார். பிற்பாடு வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது; அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். நோக்கம் கிட்டிவிட்டால் சௌகரியமும் கூடவே வரும் என்று நினைப்பவர்கள் இந்தச் சரித்திரத்தை ஒருமுறை படிக்க வேண்டும்.

சகோதரி சுப்புலட்சுமி சிறு பிராயத்திலேயே கணவரை இழந்தவர். 1911இல் பி.ஏ. பட்டம் பெற்றார். தாம் தேறியதோடு நில்லாமல், தம்மைப்போல் வாழ்விழந்த சிறுமிகளைச் சேர்த்துக்கொண்டு, அடுத்த ஆண்டே சென்னையில் அவர்களுக்கு ஓர் இல்லம் நடத்தத் தொடங்கினார். தம் துக்கத்தை அவர் ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. அதே துக்கம் உடையவர்களுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தார்.

இனி நம் சிறிய அனுபவம். இருபத்திரண்டு ஆண்டுகள் தமிழில் சரித்திரம் போதித்து வந்தோம். சென்ற ஆண்டு, பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று தமிழ் வழி வகுப்புகளை நிறுத்திவிட்டார்கள். நம்மை நூலகத்துக்கு மாற்றினார்கள். பாடம் சொல்லிப் பழகிய தொண்டைக்கு அந்த நிசப்தம் பொறுக்கவில்லை. தனிப்பயிற்சி நிலையத்துக்குப் போனால் இரட்டிப்புச் சம்பளம் என்று நண்பர்கள் சொன்னார்கள். வீட்டில் மகளின் கல்லூரிப் படிப்பும் அதையே சொல்லிற்று.

அந்நிலையில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தான். அதில் அவனுடைய பாட்டனார் எழுதிய கடிதங்கள் இருந்தன. "ஸார், இது தமிழ்தானே? ஏன் எனக்குப் படிக்க வரவில்லை?" என்றான். கையெழுத்து ஒரு காரணம். மற்றொன்று, 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் லை, ளை, ணை, னை முதலியவற்றையும், ணா, றா, னாவையும் எழுதிய முறையே வேறு. துதிக்கை வைத்த அந்தப் பழைய உருவங்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். அரை மணி நேரத்தில் பையன் தட்டுத் தடுமாறிப் படித்தான். ஒரு கடிதத்தில் பாட்டனார் மாட்டுக்கு வைக்கோல் வாங்கிய விலையை எழுதியிருந்தார். வைக்கோல் விலையைப் படித்துவிட்டு ஒரு பிள்ளை அவ்வளவு சந்தோஷப்பட்டதை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

இப்போது சனிக்கிழமைதோறும் பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் பழைய பத்திரம் கொண்டுவருகிறார்; மற்றொருவர் கடைக் கணக்குப் புத்தகம் கொண்டுவருகிறார். சில எழுத்துக்கள் நமக்கே புரிவதில்லை. பெரியவர்களைத் தேடிப் போய்க் கேட்கிறோம். சம்பளம் பழையதுதான், மகளின் படிப்புக்குக் கடன் வாங்கியிருக்கிறோம். ஆயினும் தனிப்பயிற்சி நிலையத்துக்கு இயலாது என்று எழுதிவிட்டோம்.

ஆகையால், இனி என்ன செய்வது என்று கலங்கி நிற்கும் நேயர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. அடுப்பு எரிவதற்கு முதலில் ஒரு வழி செய்துகொள்ளுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. பிறகு, நமக்கு எது பிடிக்கும் என்று கேட்பதைச் சற்று ஒத்திவைத்து, யார் நம்மிடம் எதைக் கேட்டு வருகிறார்கள் என்று கவனியுங்கள். வருகிறவர் முன்சீப்பாகவும் இருக்கலாம். தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும் பையனாகவும் இருக்கலாம். அச்சமயம் கதவு மட்டும் திறந்திருக்க வேண்டும்.