ஹைதாபுவில் ஏழு வீடுகள்

வடக்கு ஜெர்மனியில், ஷ்லெஸ்விக் நகரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிறது ஹைதாபு. அருங்காட்சியகத்திலிருந்து நீரோரமாகக் கொஞ்ச தூரம் நடந்து, மரங்கள் அடர்ந்த ஒரு மண்மேட்டைத் தாண்டினால் புல்வெளி. அந்த மேடுதான் பழைய கோட்டைச் சுவர். சுமார் 1,300 மீட்டருக்கு அரைவட்டமாக வளைந்து போகிறது. உள்ளே ஏறக்குறைய 24 ஹெக்டேர் நிலம். வைக்கிங்குகளின் பெரிய சந்தை நகரம் இருந்த இடத்தில் இப்போது கரையோரமாக ஏழே வீடுகள்.

2005க்கும் 2008க்கும் இடையில் கட்டியவை அவை. அகழாய்வில் வெளிப்பட்ட தடயங்களை வைத்து, தோண்டிய இடத்திலேயே எழுப்பியிருக்கிறார்கள். குச்சிகளைப் பின்னிக் களிமண் அப்பிய சுவர், நாணல் கூரை, சுவர் சரியாதபடி வெளியிலிருந்து முட்டுக்கொடுத்த மரங்கள். குனிந்து உள்ளே போனால் கண் பழகவே சற்று நேரமாகிறது. நடுவில் அடுப்பு, புகைபோக்கி கிடையாது. புகை தானாக வழி தேடிக்கொள்ள வேண்டியதுதான். வெளியே வந்தபோது சட்டையெல்லாம் விறகுப்புகை வாசம்.

ஒரு வீட்டில் மான்கொம்பில் சீப்பு செய்து காட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். நீளமான இரண்டு பட்டைகளுக்கு நடுவே சின்னச் சின்னத் தகடுகளை வரிசையாக வைத்து, ஆணியடித்து இறுக்கிய பிறகுதான் பல் அறுக்கிறார். கொம்பின் நாரோட்டம் பல்லின் நீளவாக்கிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிக்கெடுக்கும்போது பல் தெறித்துவிடும். அதற்காகத்தான் இத்தனை துண்டுகள். ரம்பம் கொஞ்சம் அதிகமாக இறங்கிப் பக்கப்பட்டையில் கீறல் விழுந்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. அந்தக் காலத்துச் சீப்புகளிலும் அதே கீறல்கள் உண்டு. கொள்ளைக்காரர்கள் என்று பேரெடுத்த கூட்டம் தலைவாரிக்கொள்ள இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறது.

965 வாக்கில் இங்கே வந்த அல்-தர்தூஷி என்ற அந்தலூசியப் பயணிக்கு ஊர் பிடிக்கவில்லை. எப்போதும் மீன்தான் சாப்பாடு, பாட்டோ நாய் குரைப்பதைவிட மோசம் என்று புலம்பியிருக்கிறார். பெண்களோடு ஆண்களும் கண்ணுக்கு மை தீட்டியதையும் விடாமல் குறித்திருக்கிறார். பயணக் கட்டுரைக்காரர்கள் அன்றும் இப்படித்தான்!

அப்படியும் வணிகர்கள் இங்கே வந்ததற்குக் காரணம் இடம். வடகடலிலிருந்து வரும் சரக்கு ஐடர், ட்ரேனே ஆறுகள் வழியாக ஹோலிங்ஸ்டெட் வரை படகில் ஏறிவரும். அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கும் குறைவான தரைவழி. ஹைதாபுவில் மறுபடி கப்பலேற்றினால் ஷ்லை நீர்வழியாகப் பால்டிக் கடல். டென்மார்க்கின் வடமுனையைச் சுற்றிக்கொண்டு புயலில் சிக்க வேண்டாம். நார்வேயின் மாக்கல் சட்டியும் ரைன் பகுதியின் எந்திரக்கல்லும் இங்கே வந்து சேர்ந்தன.

பணம் புரளும் ஊரை யார் விட்டுவைப்பார்கள்? 1050 வாக்கில் நார்வே மன்னர் ஹரால்ட் ஹார்ட்ராடா எரித்தார். 1066இல் ஸ்லாவியர்கள் வந்து மிச்சத்தை முடித்தார்கள். துறைமுகத்தில் எரிந்து மூழ்கிய சுமார் 30 மீட்டர் நீளப் போர்க்கப்பலை 1979இல் வெளியே எடுத்தார்கள்; அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள்.

ஊர்க்காரர்கள் ஷ்லெஸ்விக்குக் குடிபெயர்ந்தார்கள். பழைய இடத்தில் யாரும் புது ஊர் கட்டாததால்தான் மண்ணுக்கடியில் இவ்வளவு தப்பியது. 2018இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. இதுவரை தோண்டியது மிகச் சிறு பகுதிதான். இன்னும் இருபது வீடு கட்டியிருந்தால் கூட்டம் கூடியிருக்கும். கட்டாமல் விட்டதுதான் எனக்குப் பிடித்தது. ஊர் எவ்வளவு பெரிதென்று தெரிய வேண்டுமானால் மேட்டின் மேலேயே ஒரு சுற்று நடக்க வேண்டும். மழை பெய்திருந்தால் வழுக்கும், நல்ல ஷூவாகப் போட்டுக்கொண்டு போங்கள்.