மட்டை தாங்கும் அளவு

இறகுப்பந்து மட்டைக்கு நரம்பு கட்டுவது கடைக்காரரின் கைவேலைதானே என்று பலரும் எண்ணுவர். புதிய மட்டைக்கு அது பொருந்தலாம்; எத்தனை பவுண்டு வரை இழுக்கலாம் என்பதை அதன்மேலேயே அச்சிட்டு விற்கின்றனர். பழைய மர மட்டையிலோ அத்தகைய குறிப்பைக் காண்பது அரிது. அதன் வலிமையை நாமே உற்று நோக்கி அறிதல் வேண்டும்.

எங்கள் தந்தையார் தம் இளமையில் ஆடிய மட்டை எங்களிடம் உள்ளது. மெல்லிய மரப்பட்டைகளை அடுக்கி, ஒட்டி, வளைத்துச் செய்த தலை, எஃகுத் தண்டு. அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆயினும், கைப்பிடித் தோலில் அவருடைய பெருவிரல் பதிந்த பள்ளம் இன்னும் மாறவில்லை. நரம்புகள் மட்டும் இற்று அறுந்துவிட்டன. 12 வயது மகள், "தாத்தாவின் மட்டையால்தான் ஆடுவேன்" என்றாள். தோழியின் மட்டையைப் போல் 26 பவுண்டில் கட்ட வேண்டும் என்றும் கேட்டாள்.

மட்டை உடைந்தால் அதைப் போல் இன்னொன்று வாங்க இயலாது. மறுத்தால் அது பரண்மேல் கிடந்தே மக்கும். இரண்டும் எங்களுக்கு உவப்பாயில்லை.

முதலில் மட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஓரம் நெடுகப் பார்த்தோம், கோணல் இல்லை. ஈரக்காற்றில் மரம் வளையாதிருக்க, ஆட்டம் முடிந்ததும் நான்கு திருகுகள் உள்ள மரச்சட்டத்தில் அதை இறுக்கி வைப்பது தந்தையாரின் வழக்கம். பட்டைகளும் பிரியவில்லை. எனினும், ஒட்டிய பசைக்கும் வயதாகிவிட்டது அன்றோ?

பின்னர் மகளுடன் அமர்ந்து கணக்கிட்டோம். மட்டையில் நெடுக்காக 22 இழைகள். ஒவ்வொன்றையும் 26 பவுண்டில் இழுத்தால் மொத்தம் 572 பவுண்டு. ஏறத்தாழ 260 கிலோ. 16 பவுண்டில் இழுத்தால் 352 பவுண்டு. ஏறத்தாழ 160 கிலோ. குறுக்கு இழைகளின் சுமை வேறு. இன்றைய கார்பன் மட்டைகள் அந்தப் பெருஞ்சுமைக்கென்றே செய்யப்படுபவை. மரத்திற்கு அது ஆகாது. கணக்கைக் கண்டதும் மகள் மௌனமானாள்.

"மெதுவாக இழுத்தால் பந்து போகுமா?" என்பது அவளுடைய அடுத்த ஐயம். நன்றாகவே போகும். தளர்ந்த நரம்பு சற்று உள்வாங்கிப் பந்தைத் தள்ளிவிடும். ஆதலால் இளங்கைக்கும் பந்து பின்கோடு வரை எட்டும். இறுகிய நரம்போ துல்லியம் தரும். ஆனால் விசையை ஆடுபவரின் கையே தர வேண்டும். அன்றியும், நடுவில் சரியாகப் படாத அடி அதில் வீணாகும். 1980இல் அகில இங்கிலாந்துப் பட்டம் வென்ற பிரகாஷ் படுகோன், வலிய அடியைவிடப் பந்தை வேண்டிய இடத்தில் இறக்கும் நயத்தினாலேயே பெயர் பெற்றவர் என்பதையும் அவளுக்குச் சொன்னோம்.

நரம்பு கட்டுவதைக் கடைகளில் இன்றும் 'கட்டிங்' என்றே சொல்கின்றனர். 'கட்' எனில் குடல். முன்னாளில் விலங்குகளின் குடலிலிருந்தே நரம்பு செய்தனர். ஈரம் பட்டால் அது கெடும். நாங்கள் 0.70 மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலானைத் தேர்ந்தோம். மெல்லிய நரம்பு துள்ளல் மிக்கதாயினும் விரைவில் அறும்.

கட்டுபவர் பொறுமைசாலி. எஞ்சிய பழைய இழைகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, இருபுறமும் மாறிமாறி வெட்டினார். ஒருபுறம் மட்டும் தளர்ந்தால் சட்டம் திரிந்துவிடும் என்றார். தேய்ந்த துளை விளிம்புகளை மெல்லத் தேய்த்து வழவழப்பாக்கினார். பிறகே 16 பவுண்டில் கட்டினார்.

மகள் இப்போது மாலைதோறும் ஆடுகிறாள். ஓங்கி அடிக்கையில் அவளுக்கு நிறைவில்லை. வலையோரம் மெல்ல இறக்குவதில் தேர்ந்து வருகிறாள். கை வளர்ந்தபின் அவளுக்கென்று புதிய மட்டை வாங்கி, அவள் விரும்பும் அளவுக்கு இறுக்கிக் கொள்ளலாம். பழைமையும் இளமையும் தத்தம் அளவுக்கே சுமக்கும். அவ்வளவை முன்னரே அறிவது பெற்றோர் கடன். தாத்தாவின் மட்டையை அவள் வெயிலில் வைப்பதில்லை. ஆட்டம் முடிந்ததும் மரச்சட்டத்தில் இட்டு, நான்கு திருகுகளையும் தானே முடுக்குகிறாள்.