பாபின் விளக்கு

சிங்காநல்லூர்ப் பக்கம் வளர்ந்தவரென்றால் மில் சங்கு உங்கள் காதுக்குள்ளும் இருக்கும். அதைக் கேட்டுத்தான் உலை வைத்தோம், பள்ளிக்கூடம் கிளம்பினோம். 1932-ல் பைக்காராவிலிருந்து கரண்ட் வந்த பிறகு வரிசையாக எழுந்தவற்றில் எங்கள் மில்லும் ஒன்று. ஷிப்டு முடிந்து வருகிறவர்களின் தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். கிட்டே வந்தால் ஸ்பிண்டில் ஆயில் வாசம். லைன் வீட்டுத் தலையணைகளில்கூட அந்த வாசம்தான்.

கடைசி வீட்டில் பிட்டர் பெரியப்பா. நூல் சுற்றும் மரப் பாபின் கழிந்து பிளாஸ்டிக் வரத் தொடங்கிய காலம். விளிம்பு சிதைந்த பாபின்கள் உக்கடத்துக் காயலாங்கடைக்குப் போய்ச் சேரும்; பெரியப்பா அங்கே குந்தி உட்கார்ந்து பொறுக்கி, விளக்கு செய்ய மஞ்சப்பையில் கொண்டுவருவார்.

ஒரு சாண் நீளப் பாபின், நடுவில் ஓட்டை. சைக்கிள் கம்பியில் துணி சுற்றி, உள்ளே அடைந்த பஞ்சையும் எண்ணெய்ப் பிசுக்கையும் இழுத்தெடுப்பார். ஒயரை அடியிலிருந்து மேலே ஓட்டி, உச்சியில் பித்தளை ஹோல்டரை இறுக்குவார். பீடத்துக்குப் பல்சக்கரம், நூலின் முறுக்கைக் கூட்டவும் குறைக்கவும் மாற்றிப் போடுவார்களே, அதேதான். வார்ப்பிரும்பு. ஆடிக்காற்று ஜன்னலைப் போட்டு அடித்தாலும் விளக்கு அசையாது.

உப்புத்தாள் தேய்க்கும் வேலை எனக்கு. தலைப்பக்கத்து வண்ணத்தை மட்டும் தொட விடமாட்டார்.

"அதைத் தேய்ச்சுப் போடாத கண்ணு. பச்சைன்னா நம்ம மில்லுல நாப்பதாம் நம்பர்."

840 கெஜச் சிட்டம் 40 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. அதுதான் 40-ம் நம்பர் நூல். எனக்குக் கணக்கு வந்ததே அந்தத் திண்ணையில்தான். பச்சை, சிவப்பு, நீலம் என்று எந்த வண்ணத்தைக் கண்டாலும் அது எந்த மெஷினில் ஓடியது, யார் கை பட்டது என்று சொல்லிக்கொண்டே போவார். அந்தப் பேச்சுக்காகவே தேய்க்கப் போனேன்.

ஆயுத பூஜையன்று மில்லுக்குள் எங்களையும் விடுவார்கள். துடைத்த மெஷின்களில் சந்தனம், குங்குமம். அன்றைக்குச் சாயங்காலம் பொரிகடலைத் தட்டுக்குப் பக்கத்தில் பெரியப்பாவின் புது விளக்கு எரியும். அந்த வருஷம் கல்யாணமான வீட்டுக்கு அது போய்விடும். காசு வாங்கமாட்டார்.

மில் மூடியது. லைன் வீடுகளும் போயின. பெரியப்பாவும் போய்ச் சேர்ந்தார். போன தடவை ஊருக்குப் போனபோது உக்கடத்தில் கடை கடையாக மரப் பாபின் கேட்டேன். "அதெல்லாம் அடுப்பெரிக்கப் போயி ரொம்ப நாளாச்சுங்க," என்றார் கடைக்காரர். பச்சைத் தலை என்றால் என்னவென்று அவருக்குச் சொல்ல ஆசையாக இருந்தது. அதற்குள் எடைபோட வேறு ஆள் வந்துவிட்டார்.