மழைக்கு முன் ஒரு நாள்

மும்பையில் குடியேறி முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும், மழைக்காலத்தை எதிர்கொள்ளும் வகையை நான் முழுமையாகக் கற்றுக்கொள்ளவில்லை என்பதை 2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் உணர்ந்தேன். அதை எனக்குக் கற்பித்த ஆசான், எங்கள் பழைய காரின் முன்கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரே ஆகும்.

அக்காரை 1997இல் வாங்கியவர் என் தந்தையார். அவர் மறைந்தபின் அது என் பொறுப்பில் வந்தது. பதினைந்து ஆண்டுகள் நிறைந்ததும் பதிவைப் புதுப்பித்து, ஐந்தாண்டுக்கு ஒரு முறை தகுதிச் சோதனைக்கு விட்டு ஓட்டி வருகிறேன். விற்றுவிடலாம் என்பது என் மகனின் கட்சி. ஆனால் அன்னைக்கு அவ்வண்டியில் ஏறி அமர்வதே ஓர் ஆறுதல். ஆகையால் விற்க மனம் ஒப்பவில்லை.

அன்று புணேயில் உறவினர் இல்லத்துத் திருமணம் முடிந்து, அன்னையும் நானும் பழைய நெடுஞ்சாலை வழியே திரும்பிக்கொண்டிருந்தோம். கண்டாலா மலைப்பாதையில் கோபோலியை நோக்கி இறங்குகையில் மழை பிடித்துக்கொண்டது. சில ஆண்டுகளாகவே மெல்ல அசைந்துவந்த வைப்பர், அன்று மேலும் தளர்ந்து, கண்ணாடியின் நடுவே நின்றேவிட்டது. எதிரே பாதையும் இல்லை, பள்ளமும் இல்லை. எல்லாம் ஒரே வெள்ளைத் திரை. விளக்குகளை மினுக்கவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து ஒரு தேநீர்க் கடையின் ஓரம் ஒதுங்கினேன். என் கைகள் நடுங்கியதை அன்னை பார்த்திருக்க வேண்டும்; ஒன்றும் பேசவில்லை.

பியூஸ் எரிந்திருந்தது. கைவசம் இருந்த வேறொன்றைப் பொருத்தினேன். சில நிமிடம் ஓடி அதுவும் எரிந்தது. கடையில் இருந்த ஒருவர், செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டால் ஓடிவிடும் என்றார். நல்லெண்ணத்துடன் சொன்னதுதான், ஆயினும் அதைச் செய்யவில்லை. பியூஸ் காவற்காரன் போன்றது. மிகுதியான மின்சாரம் பாயும்போது தான் எரிந்து கம்பிகளைக் காக்கிறது. காவலனை அகற்றினால் எரிவது வண்டியாக இருக்கும். மழை தணியும்வரை ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். அப்போதுதான் அன்னை சொன்னார்: "வைகாசி பொறந்தா அப்பா ஒரு நாள் முழுக்க இந்தக் கண்ணாடியோடதான் உக்காந்திருப்பார். நீயும் பார்த்திருக்கியேப்பா."

பார்த்திருக்கிறேன். எதற்காக என்றுதான் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு செம்பூரில் முதிய மராட்டிய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியை விட்டேன். மோட்டார் பழுதாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்பது என் முடிவு. அவர் முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றினார். திடீரென்று அசைந்தால் அத்தண்டுகள் விரலை நசுக்கிவிடும். பிறகு மோட்டாரிலிருந்து இணைப்புத் தண்டைப் பிரித்துவிட்டு, மீண்டும் மின்சாரம் கொடுத்தார். மோட்டார் இலேசாகச் சுழன்றது! வைப்பர்க் கை அமரும் சுழல் அச்சைக் கையால் திருப்பச் சொன்னார், என்னால் இயலவில்லை. பழைய கிரீஸ் காய்ந்து, துருவேறி இறுகியிருந்தது. சுழல இயலாத மோட்டார் மிகுதியான மின்சாரத்தை இழுத்தது; பியூஸ் எரிந்தது. நோய் ஓரிடம், அறிகுறி வேறிடம். அச்சுகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிப் புதிய கிரீஸ் இட்டு, தேய்ந்த நைலான் புஷ் ஒன்றையும் மாற்றினார். செலவு சில நூறு ரூபாயே.

அவரிடம் கற்றவற்றை, பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்காக இங்கு எழுதுகிறேன். வைப்பர் அசையாதபோது முதலில் காதைத் தீட்டிக் கேளுங்கள். மோட்டாரின் ஒலி கேட்டும் கை அசையவில்லையெனில், அச்சின் மேலுள்ள நட்டு தளர்ந்திருக்கும். அன்றித் தண்டு கழன்றிருக்கும். ஒலியே இல்லையெனில் பியூஸ், பின்னர் மின்கம்பி, சுவிட்சு, இறுதியில் மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள். நிறுத்தினால் தன் இடத்திற்குத் திரும்பாமல் நடுவிலேயே நிற்குமாயின், பெரும்பாலும் மோட்டாருக்குள் இருக்கும் நிறுத்தத் தொடர்பில் குறை. கோடு கோடாகத் துடைத்தால் ரப்பர் வெயிலில் இறுகியிருக்கும். ஆனால் மாற்றுமுன் கண்ணாடியிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிப் பாருங்கள்.

நீர் தெளிக்கும் வாஷருக்கும் இதே முறைதான். பொத்தானை அழுத்தினால் பம்பு ஒலிக்கிறதா? ஒலித்தும் நீர் வரவில்லையெனில், தொட்டி வறண்டிருக்கலாம், குழாய் கழன்றோ வெடித்தோ இருக்கலாம், துளை அடைத்திருக்கலாம். துளையை மெல்லிய ஊசியால் மெதுவாகக் குத்தினால் போதும். என் வண்டியில், பானெட்டின் கீல் அருகே மடிந்து மடிந்து குழாய் வெடித்திருந்தது. வாஷர் இயங்காததால் பல காலம் உலர்ந்த கண்ணாடியின்மேல் வைப்பரை ஓட்டியிருக்கிறேன். ரப்பர் கெட்டதும், கண்ணாடியில் கீறல் விழுந்ததும் அதனால்தான்.

இந்நகரில் பருவமழை வழக்கமாக ஜூன் 11ஐ ஒட்டித் தொடங்குகிறது. அதற்கு முன்னே, வைகாசியில் ஒரு ஞாயிற்றை நான் இப்போது அவ்வண்டிக்கென ஒதுக்கிவிடுகிறேன். தளர்ச்சி ஒரே நாளில் வந்ததன்று. ஆண்டுக்கணக்கில் என் கண்ணெதிரே வந்தது. 'பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லிக் கவனியாது இருந்தேன். அது முதுமையன்று, என் அசட்டை. அன்று பின்னிருக்கையில் அமர்ந்திருந்தவர் என் அன்னை என்பதை நினைக்கையில் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

இவ்வாண்டு கிரீஸ் டப்பாவுடன் நான் அமர்ந்தபோது, விற்கச் சொல்லும் என் மகன் அருகில் வந்து நின்று, "இது எதுக்குப்பா?" என்று கேட்டான். அச்சை அவன் கையில் கொடுத்தேன்.