சுண்டச் சுண்ட உப்பு ஏறும்

2023 மே 13, சனிக்கிழமை. சிங்கப்பூரின் அங் மோ கியோ பகுதியில் வெப்பம் 37.0 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 1983-க்குப் பிறகு அந்த ஊர் அப்படியொரு சூட்டைப் பார்த்ததில்லை. ஊரே நிழல் தேடி ஓடிக்கொண்டிருக்க, ஈசூன் பக்கம் ஒரு வீவக அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் ஒருவர் மட்டும் கண்ணாடித் தொட்டி முன்னால் உட்கார்ந்து தெர்மாமீட்டரையே முறைத்துக்கொண்டிருந்தார்.

31.8.

மனுஷனுக்கு அது வெறும் வெயில். தொட்டிக்குள் இருந்த பவளங்களுக்கு அது நூற்றி நாலு டிகிரி காய்ச்சல் மாதிரி.

அவர் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். பன்னிரண்டு மணி நேர ராத்திரி ஷிஃப்ட். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். தொட்டி ஒன்றும் பெரிய ஓட்டல் வரவேற்பறை சமாச்சாரமில்லை. இரண்டடி நீளம், பாறை, மணல் போக 55 லிட்டர் கடல் நீர். ஒரு ஜோடி கோமாளி மீன், கொஞ்சம் காளான் பவளம், நடுவில் ஒரு சுத்தியல் பவளம். நுனி சுத்தியல் தலை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர்.

2020-இல் விமானங்கள் நின்றுபோயிருந்த நாட்களில் அவருடைய அப்பா ஊரில் இறந்துபோனார். போக முடியவில்லை. எல்லாவற்றையும் போனில்தான் பார்த்தார். அதற்கப்புறம் தூக்கம் வராத பகல்களில் உட்கார்ந்து பார்க்க ஏதாவது வேண்டியிருந்தது. இரண்டு தலையோடு வாங்கிய அந்தச் சுத்தியல் பவளம் மூன்று வருடத்தில் ஏழு தலையாகியிருந்தது. அது என்ன, ஏன் என்று மனைவிக்குத் தெரியும். அதனால் கரண்ட் பில்லைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

சரி, கதைக்குள் போவதற்கு முன்னால் கொஞ்சம் பாடம். கொட்டாவி வந்தால் அடுத்த மூன்று பத்தியைத் தாண்டிவிடலாம் :-)

பவளம் செடியும் அல்ல, கல்லும் அல்ல. அது ஒரு விலங்கு. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசிகள் குடித்தனம் இருக்கின்றன. பாசி வெளிச்சத்தை வாங்கிச் சமைக்கும், பவளம் சாப்பிடும். வாடகைக்குப் பதில் சாப்பாடு, நல்ல ஏற்பாடு. ஆனால் தண்ணீர் அளவுக்கு மேல் சூடானாலோ, வெளிச்சம் தாங்க முடியாத அளவுக்கு ஏறினாலோ இந்தச் சமையலறையில் தீப்பிடித்த மாதிரி ஆகிவிடும். பாசிக்குள் நச்சு ஆக்சிஜன் சேர ஆரம்பிக்கும். பவளம் வேறு வழியில்லாமல் குடித்தனக்காரரை வெளியே தள்ளிவிடும். நிறம் போய் உள்ளே இருக்கும் வெள்ளை எலும்பு தெரியும். இதைத்தான் வெளுத்தல் என்கிறார்கள். வெளுத்தவுடன் செத்துவிடாது. ஆனால் பட்டினி ஆரம்பமாகிவிடும்.

ஆக, ஒரு சின்னத் தொட்டியில் விளக்கும் குளிர்ச்சியும் இரண்டு தனித்தனி விஷயங்களே அல்ல. ஒன்றில் கை வைத்தால் இன்னொன்று ஆடும். 55 லிட்டர் என்பதால் ஆட்டம் இன்னும் வேகமாக இருக்கும். கடலில் ஒரு டிகிரி ஏறப் பல நாள் ஆகும். இங்கே ஒரு மத்தியானம் போதும்.

அவரிடம் இருந்தது பழைய டி5 குழல் விளக்கு. 24 வாட்டில் இரண்டு குழல். இந்தக் குழல்களை வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டும். எரியும், ஆனால் வெளிச்சத்தின் வலுவும் நிறமும் மங்கிவிடும். அவருடைய குழல்களுக்கு அப்போது பதினான்கு மாதம். தவிர, குழல் விளக்குகளுக்கே காலம் முடிந்துகொண்டிருக்கிறது. பாதரசம் இருப்பதால் 2027-க்குள் அவற்றின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் முடித்துக்கொள்ள மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023 நவம்பரில் முடிவெடுத்தன. எப்படியும் எல்இடி-க்கு மாறியே ஆகவேண்டிய நிலை.

குளிர்ச்சிக்கு இரண்டு வழி. ஒன்று சில்லர், அதாவது தொட்டித் தண்ணீருக்கான குட்டி ஃபிரிட்ஜ். விலை பல நூறு வெள்ளி. 150 வாட் சில்லர் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். யூனிட் 30 காசு என்று வைத்துக்கொண்டால் மாதம் பதிமூன்று வெள்ளிக்கு மேல். இன்னொரு வழி கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 12 வோல்ட் ஃபேன். இரண்டரை வாட். நாள் முழுக்க ஓடினாலும் இரண்டு காசுக்குள் முடிந்துவிடும்.

இவ்வளவு மலிவாக எப்படிக் குளிர்கிறது? மண்பானைத் தத்துவம்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,430 கிலோஜூல் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் என்றால், தொட்டிக்குள் இரவு பகலாக எரியும் 28 வாட் ஹீட்டரைப் பிடுங்கிப் போட்டதற்குச் சமம். ஃபேன் தண்ணீரைக் குளிர்விப்பதில்லை. மேலே தேங்கி நிற்கும் ஈரக் காற்றைத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். மீதி வேலையைத் தண்ணீரே பார்த்துக்கொள்கிறது. சிங்கப்பூர் மாதிரி ஈரம் பிடித்த ஊரில் இதற்கு ஒரு எல்லை உண்டு. காற்று ஏற்கெனவே நனைந்திருந்தால் ஆவியாவது குறையும். இருந்தாலும் இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனார். 90 வாட் எல்இடி விளக்கு ஒன்று, ஃபேன் இரண்டு. திங்கட்கிழமை கண்ணாடி மூடியைக் கழற்றினார். காற்று படாவிட்டால் ஃபேன் வீண். மூடி இல்லாவிட்டால் மீன் துள்ளி வெளியே விழும், அதனால் வலை கட்டினார். தண்ணீரின் மேல் சாய்வாகக் காற்று அடிக்கும்படி ஒரு ஃபேனை மாட்டினார். ஒயரைத் தொட்டிக்குக் கீழே ஒரு வளைவு விட்டு பிளக்குக்கு ஏற்றினார், சொட்டும் உப்புத்தண்ணீர் ஒயர் வழியே பிளக்குக்குள் போகாமல் இருக்க. பார்த்துப் பார்த்துத்தான் செய்தார்.

விளக்கைப் போட்டார். ஆகா! தொட்டி நீலமாய் மினுங்கியது. பச்சை நுனிகள் ஒளிர்ந்தன. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க போனில் வசதி இருந்தது. அவர் நூறு சதவீதத்திலேயே விட்டுவிட்டார். யாருக்குத்தான் குறைக்க மனசு வரும்?

செவ்வாய் தண்ணீர் 28.5-க்கு இறங்கியிருந்தது. வெற்றி!

வியாழக்கிழமை சுத்தியல் பவளம் சுருங்கியிருந்தது. நிறமும் வெளிறல். போன வாரச் சூட்டின் பாதிப்பு இன்னும் போகவில்லை என்று நினைத்தார். நியாயமான சந்தேகம்தான். இரண்டாவது ஃபேனையும் மாட்டினார்.

வெள்ளி, இன்னும் மோசம். சனிக்கிழமை ஒரு தலையிலிருந்து சதை பிய்ந்து தொங்கியது. ஷிஃப்டுக்குப் போய் வந்து, தூங்காமல், அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

ஞாயிறு காலை மனைவி மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். இவர் வழக்கம்போல மூலையில் இருந்த டிரம்மிலிருந்து கலந்து வைத்த உப்புத்தண்ணீரை மொண்டு தொட்டியில் ஊற்றினார். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, அது கடல் தண்ணிதானே?"

"ஆமா. ஃபேன் போட்டதிலிருந்து தண்ணி குறையுது. அதான் ஊத்துறேன்."

"குறையறது தண்ணிதானே, உப்பு எங்க போகும்? குழம்பு சுண்டுனா உப்புக் கரிக்கும்னு வெந்நீர் ஊத்துவோமா, இல்ல இன்னும் கொஞ்சம் உப்புத்தண்ணி ஊத்துவோமா?"

அவர் கையில் இருந்த ஜாடி அப்படியே நின்றது.

கண்ணாடி மூடி இருந்த மூன்று வருஷமும் வாரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர்தான் குறையும். எந்தத் தண்ணீரை ஊற்றினாலும் பெரிதாகத் தெரியவில்லை. ஃபேன் வந்த பிறகு தினம் ஒரு லிட்டர், இரண்டாவது ஃபேன் வந்ததும் ஒன்றரை லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் உப்பு. ஆறு நாள் கணக்கைப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 260 கிராம்! அலமாரியில் தூசி படிந்திருந்த அடர்த்திமானியை எடுத்து அளந்தார். 1.026 இருக்க வேண்டிய இடத்தில் 1.030. ஆயிரத்துக்கு 35 பங்கு என்றிருந்த உப்பு 40 ஆகியிருந்தது.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. மங்கிப்போன 48 வாட் குழலுக்குப் பழகியிருந்த பவளத்தின் தலையில் ஒரே நாளில் 90 வாட்டைக் கொட்டியிருக்கிறார். அறைக்குள் இருந்தவனை உச்சி வெயிலில் நிறுத்திய கதை. ராத்திரியும் ஓடிய ஃபேன்கள் விடியற்காலை தண்ணீரை 26 டிகிரிக்கு இறக்கின. மத்தியானம் அது திரும்ப 29. தினம் மூன்று டிகிரி ஊஞ்சல். அவர் ராத்திரி வேலைக்குப் போய்விடுவதால் அந்த 26-ஐப் பார்க்கவே இல்லை.

விளக்கு ஒரு பக்கம், உப்பு ஒரு பக்கம், ஊஞ்சல் ஒரு பக்கம். எது குற்றவாளி? மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றியதால் சொல்லவே முடியவில்லை. இதுதான் விஷயம்.

கணக்குப் பதிவியலில் ஈடுசெய் பிழை என்று ஒன்று படித்திருப்பீர்கள். ஒரு பக்கம் நூறு ரூபாய் தப்பு, மறுபக்கமும் நூறு ரூபாய் தப்பு, இருப்பாய்வு அழகாக ஒத்துப்போகும். தெர்மாமீட்டர் காட்டிய 28.5 அந்த மாதிரி ஒத்துப்போன இருப்பாய்வுதான். ஒரு எண் சரியாகிவிட்டதால் எல்லாம் சரி என்று அவர் நம்பிவிட்டார். அதே நாளில் இன்னொரு பேரேட்டில் உப்பு ஏறிக்கொண்டிருந்தது.

திருத்தம் மெதுவாகத்தான் நடந்தது. விளக்கை அன்றைக்கே 35 சதவீதத்துக்குக் குறைத்தார். பிறகு வாரத்துக்கு ஐந்து சதவீதம் மட்டும் ஏற்றினார், அதுவும் 60 வரைக்கும்தான். உப்பைத் தடாலென்று இறக்கினால் அதுவே கொன்றுவிடும். அதனால் தினம் ஒன்றரை லிட்டர் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு அதே அளவு சுத்தத் தண்ணீர். ஆவியாவதற்கும் தனியாகச் சுத்தத் தண்ணீர்தான். ஐந்து நாளில் பழைய நிலை. அங்கே குழாய்த் தண்ணீரில் குளோராமின் இருக்கும் என்பதால் வடிகட்டிய நீர். ஃபேனுக்கு ஒரு கன்ட்ரோலர், 28-இல் ஓடும், 27-இல் நிற்கும். அதற்கடுத்த மாதம், தண்ணீர் மட்டம் குறைந்தால் தானே ஊற்றும் மிதவை வால்வு. இந்தத் தடவை ஒரு மாற்றம் செய்தால் அடுத்ததற்கு இரண்டு வாரம் காத்திருந்தார்.

ஏழு தலையில் மூன்று போய்விட்டது. நான்கு நின்றது. அவற்றுக்கு நிறம் திரும்ப நாலு மாதம் ஆனது.

2024-இல் உலகம் முழுக்கப் பவளப்பாறைகள் வெளுத்தன. அந்த ஏப்ரலில்தான் இது நான்காவது உலகளாவிய வெளுத்தல் என்று அறிவித்தார்கள். சிங்கப்பூரின் தெற்குத் தீவுகளும் தப்பவில்லை. 1998, 2010, 2016 என்று அங்கே ஏற்கெனவே மூன்று முறை நடந்ததுதான். அந்தச் சின்னக் கடற்பரப்பில் சுமார் 250 வகைக் கல் பவளங்கள் இருக்கின்றன. வழக்கமான கோடை உச்சத்துக்கு மேல் ஒரே ஒரு டிகிரி, சில வாரம் நீடித்தால் போதும். தொட்டிக்கு இரண்டரை வாட் ஃபேன் மாட்டலாம். தப்பு செய்தால் தினம் ஒன்றரை லிட்டராகத் திருத்தலாம். கடலுக்கு எந்த இடத்தில் மாட்டுவது?

அந்த வீட்டு அடுப்படியில் இப்போது இரண்டு கேன்கள் இருக்கின்றன. ஒன்றில் 'உப்பு' என்றும் இன்னொன்றில் 'வெந்நீர்' என்றும் அந்த அம்மா மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறார். வெந்நீர் என்ற கேனில் இருப்பது சாதாரண வடிகட்டிய தண்ணீர்தான். அவர் அதை அழிக்கவில்லை. மிதவை வால்வுக்கு அந்தக் கேனிலிருந்துதான் தண்ணீர் போகிறது. நடுவில் இருக்கும் சுத்தியல் பவளத்தில் ஒரு தலை இரண்டாகப் பிரியத் தொடங்கியிருக்கிறது.

பி.கு: இதைப் படித்துவிட்டு யாரும் ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் பவளம் தேடிக் கிளம்பிவிட வேண்டாம். பாறை கட்டும் பவளங்கள் இந்தியாவில் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி, யானையோடு சேர்ந்து இருக்கின்றன. எடுத்தால் ஜெயில்தான்.